லாரின்னா ஓடு

1

தலைக்கு மேல ரெண்டு கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஓடுச்சே மின்சார பஸ்ஸு, சிங்கப்பூர்ல அது நின்னுபோன சமயம். கொம்பு கழண்டா பஸ்ஸு நடுரோட்டுல நின்னுரும். கண்டக்டரு எறங்கி மூங்கிக் கழியால கொம்பைத் தூக்கி மறுபடி கம்பியில மாட்டுவாரு. நாங்கெல்லாம் நின்னு வேடிக்கை பாப்போம். அந்த பஸ்ஸை எடுத்துட்டு, கம்பியை அறுத்துச் சுருட்டிக்கிட்டு இருந்தாங்க பாருங்க, அன்னைக்குத்தான் எம் பொண்டாட்டி பாக்கியமும் மக வசந்தாவும் கப்பலை விட்டு எறங்குனாங்க. வருஷம் கேட்டா எனக்குத் தெரியாது. கம்பி சுருட்டுன வருஷம், அம்புட்டுத்தான்.

சொல்றது நான், எழுதுறது ரஹீம் தம்பி. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். சிராங்கூன் ரோட்டுல எங்க சந்து முக்குல மளிகைக்கடை வச்சிருக்கிற நாகூர் பாயோட மகன் இவரு. ஊர்ல ஒரு மாசப் பத்திரிகையில, கடல் தாண்டிப் பொழைக்கிறவங்க சொல்றதையெல்லாம் போடுறாங்களாம். "உங்க கதையையும் சொல்லுங்க பெரியவரே, அடுத்த கப்பல்ல போறேன், கையோட கொண்டுபோய்க் குடுக்குறேன்"னாரு. எங்கதையில என்ன தம்பி இருக்கு, வந்தேன், மண்ணு அள்ளுனேன், கெழவனாப் போனேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சேன். போன வாரம் தேக்கா பாசார்ல விழுந்த பெறகு நானே ஆள விட்டுக் கூப்பிட்டேன்.

விழுந்தது எப்படின்னா, மீன் விக்கிற பக்கம் தரையைக் கழுவி விட்டிருந்தாங்க. மேலாக்க லேசா தண்ணி நின்னு மினுமினுன்னு இருந்துச்சு. பின்னாடி ஒரு ஆளு கத்துறான், "லாரி! லாரி! பெரியவரே, லாரி!" அங்க இருந்த சனமெல்லாம் ஒதுங்கி நின்னுச்சு. நான் ஓடுனேன். சும்மாவும் ஓடல. இடுப்பை வளைச்சு, ரெண்டு கையிலயும் எதையோ புடிச்சிருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு, அந்தத் தண்ணி மேல தடதடன்னு ஓடி நண்டுக் கூடையில போய் விழுந்தேன். பின்பக்கமா வந்துக்கிட்டிருந்த ஐஸ் லாரிக்காரன் எறங்கி வந்து எம் மூஞ்சியவே பாக்குறான்.

"பெரியவருக்குக் காது கேக்கல போல லா."

"காதெல்லாம் கேக்குதுடா. மண்டைக்குத்தான் போய்ச் சேரல."

சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். முட்டி வீங்கிப்போச்சு. குடோன்ல ஜாகா வேலை எனக்கு இப்ப, காவக்காரன். வாசல்ல முக்காலி போட்டு ஒக்காந்திருக்கிறதுக்கு முட்டி வேணுமா? நல்ல முட்டியா இருந்தாலும் அதேதான் பண்ணிருப்பேன். ஆனா வலிக்கிற முட்டி பழசையெல்லாம் கெளறி விட்டுருது.

2

பாக்கியத்தைக் கட்டுறப்ப எனக்கு நாப்பது தாண்டிருச்சு. சின்ன வயசுலயே சிங்கப்பூர் வந்தவன், ரோடு போடுறது, சாக்கடை வெட்டுறதுன்னு காலம் போயிருச்சு. ஊருக்குப் போயி, தாலி கட்டி, அவளுக்கு மசக்கைன்னு தெரிஞ்சதும் கப்பலேறி வந்துட்டேன். புள்ள பொறந்தது மச்சான் வீட்டுல. பாக்கியத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன், சுப்பையான்னு பேரு. நல்ல மனுஷன். கெட்டவனா இருந்திருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும், திட்டவாவது ஆளு கெடைச்சிருக்கும்.

அந்த மனுஷனுக்கு வரிசையா பயலுக. அவனுக அவரை அப்பான்னு கூப்பிடுவானுக. கூடவே வளந்த புள்ளை, அதுவும் அப்பான்னு கூப்பிட்டுருச்சு. மாமான்னுல்ல கூப்பிடணும்? யாரும் திருத்தல. அறியாப் புள்ளை, ஆசையா கூப்பிடுது, இருந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டாங்க. நான் இங்கேருந்து கவுன் அனுப்புறேன், பால்பவுடர் டின்னு அனுப்புறேன், வாசனைச் சோப்பு அனுப்புறேன். அனுப்ப முடியாத ஒரே சாமான் அந்த ஒரு சொல்லு. அதை ஊர்ல வேற ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு.

தொறமுகத்துல எறங்குனதும் பாக்கியம் புள்ளை தோளைப் புடிச்சுத் திருப்பி, "அப்பாவைப் பாருடி"ன்னா. அது திரும்பிக் கப்பலைப் பாக்குது! அப்பா ஊர்லல்ல இருக்காரு. அவரும் கப்பல்ல வந்திருக்காரோன்னு தேடுது.

அப்ப அதுக்கு ஒம்பது வயசு இருக்கும். மெலிஞ்ச புள்ளை, கண்ணு மட்டும் பெருசு. தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில எங்களுக்கு ஒரு ரூம்பு. ரூம்புன்னா, பலகை அடிச்சுத் தடுத்த எடம். பக்கத்துத் தடுப்புல இருமுனா இங்க நாங்க முழிச்சுக்குவோம். மாடிக்கே ஒரு கொழாய், ஒரு அடுப்படி. அங்க எம் மக என்னைக் கூப்பிடுறது எப்படின்னு கேளுங்க. "இந்தாங்க." "அம்மா கூப்பிடுறாங்க." "சோறு ஆறுது." அம்புட்டுத்தான். எங்கிட்ட ஏதாவது கேக்கணும்னா அவங்கம்மா காதுல கேக்கும். அவ சத்தமா சொல்லுவா. நானும் அவகிட்டயே பதில் சொல்லுவேன். ஒரு தடுப்புக்குள்ள மூணு பேரு, நடுவுல மொழிபெயர்ப்பு!

பாக்கியத்துக்கும் இந்த ஊரு ஒட்டல. தெனம் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கேள்வி கேப்பா. "இங்க என்ன இருக்கு?" அடுப்படியில கேப்பா, படியில ஏறும்போது கேப்பா. "காத்து இல்ல, வாசல் இல்ல, பேச ஒரு நாதி இல்ல. இங்க என்ன இருக்குன்னு எங்களைக் கூட்டியாந்தீங்க?" நானே இத்தனை வருஷத்துல அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாத்ததில்ல.

3

அப்ப எனக்கு வேலை ஒரு லாரிக் கம்பெனியில. மண்ணு, கல்லு, மணல் ஏத்துற லாரி. ஓட்டுறது சாலே. மலாய்க்காரன், என்னைவிட ரொம்ப எளையவன், எந்நேரமும் பாட்டு. பின்கதவைத் தொறக்கறது, மண்ணைத் தள்ளி விடுறது, லாரி ரிவர்ஸ் எடுக்கறப்ப தட்டித் தட்டிச் சொல்றது, இதெல்லாம் என் வேலை. மலாய்க்காரங்க நம்மாளுகளை "அனே"ன்னு கூப்பிடுவாங்க. அண்ணேங்கிறது அவங்க வாயில அப்படி ஆயிருச்சு. சாலேயும் என்னை அனேம்பான். எம் மக வாயில கெடைக்காத மொறை எனக்கு அவன் வாயில கெடைச்சுச்சு.

அவன் வீடு சிக்லாப் பக்கம் கடலோரக் கம்பத்துல. கம்பம்னா நம்ம ஊரு மாதிரி குடிசையும் தென்னையும். வீட்டுக்குப் பின்னாடி எறங்குனா கடல். "புள்ளை மொகம் வாடிக் கெடக்கு, ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வா அனே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். பாக்கியம் கடலைப் பாத்து, "இதைத் தாண்டித்தானே வந்தோம், இதை வேற எதுக்குப் பாக்கணும்"னு முதுகைக் காட்டி ஒக்காந்துட்டா.

அங்க கம்பத்துப் பயலுக ஒரு வெளையாட்டு வெளையாண்டுக்கிட்டு இருந்தானுக. டீத்தூள் வருமே பெரிய பெட்டி, அதோட மூடிப் பலகையைத் தகரத்தை உரிச்சுட்டு, மூலையை அறுத்து உருட்டி வச்சிருந்தானுக. அலை வந்துட்டுத் திரும்பும் பாருங்க, அப்ப ஈர மணல் மேல நகத்தளவு தண்ணி நிக்கும். அந்தத் தண்ணியில பலகையைத் தட்டையா வீசுவானுக. அது வழுக்கிக்கிட்டு ஓடும். கூடவே இவனுகளும் ஓடி அது மேல ஏறி நிப்பானுக. அப்பறம் பாக்கணுமே! காலு அசையாது, கை அசையாது, மனுஷன் மட்டும் போய்க்கிட்டே இருப்பான். கடலுக்கும் கரைக்கும் நடுவுல, ரெண்டுக்கும் சொந்தமில்லாத எடத்துல.

வசந்தா வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு.

ஒரு பலகை ஆளில்லாம வழுக்கி வந்து எங்கால்ல இடிச்சுச்சு. திருப்பி அனுப்பலாம்னு ஒரு காலைத் தூக்கி மேல வச்சேன் பாருங்க, அது பறந்துருச்சு. நான் மல்லாக்க விழுந்தேன். கைலி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம், வாய் நெறைய உப்பு.

அப்பத்தான் முதல் தடவையா எம் மக சிரிச்ச சத்தம் கேட்டேன். கெக்கெக்கேன்னு, மூச்சு வாங்கி வாங்கி. அதுக்கு இம்புட்டுப் பெரிய சத்தம் உள்ள இருந்துச்சா! நான் எந்திரிக்கல. எந்திரிச்சா சிரிப்பு நின்னுருமோன்னு அப்படியே கெடந்தேன்.

4

அடுத்த ஞாயித்துக்கெழமையும் போனோம், அதுக்கடுத்தும் போனோம். மொதல்ல நான் வேணும்னேதான் விழுந்தேன். அது சிரிக்கணும், அம்புட்டுத்தான். ஆனா வேணும்னு விழுந்து விழுந்து ஒரு கட்டத்துல எனக்கே ரோஷம் வந்துருச்சு. இம்மாத்துண்டுப் பயலுக நிக்கிறானுக, மண்வெட்டி புடிச்ச ஒடம்பு, என்னால நிக்க முடியாதா? அதுக்கப்பறம் விழுந்ததெல்லாம் நெசமா விழுந்தது.

எத்தனை விதமா விழலாம்னு அந்தப் பலகை எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. தாவி ஏறுனா பலகை முன்னாடி போயிரும், நாம பின்னாடி. பயந்து பின்பக்கம் சாஞ்சாலும் அப்படித்தான். தண்ணி ஆழமா இருக்கிற எடத்துல போட்டா முங்கி நின்னுரும், நாம மூஞ்சி குப்புற. காஞ்ச மணல்ல ஏறிட்டா சொல்லவே வேணாம், அது பிரேக்கு போட்ட மாதிரி நிக்கும், நாம மட்டும் தனியா போவோம். தாவக்கூடாது. ஓடுற ஓட்டத்துலயே, படியில கால் வைக்கிற மாதிரி மேல வைக்கணும். முட்டியை மடக்கணும். எல்லாத்தையும்விட, நிக்கக்கூடாது. பலகை கிட்ட போனதும் ஒரு நொடி காலு தயங்கும் பாருங்க, அங்கதான் எல்லாம் போச்சு.

சாலே கரையில நின்னு கத்துவான். "லாரி, அனே! லாரி! லாரி!"

நான் உடனே நின்னு திரும்பிப் பாப்பேன். பாக்க மாட்டேனா? இத்தனை வருஷமா லாரிக்குப் பின்னாடி நின்னு பொழைக்கிறவன். லாரின்னு கத்துனா ஒதுங்கி நிக்கணும், இல்லன்னா உசிரு போயிரும், எங்க வேலையில அதானே பாலபாடம். திரும்பிப் பாத்தா லாரி இல்ல, தென்னைமரம் நிக்குது. பலகை அது பாட்டுக்குப் போயிருக்கும். மறுபடி ஓடுவேன், மறுபடி அவன் "லாரி!"ம்பான், மறுபடி நான் நிப்பேன்.

"எங்கடா லாரி?"ன்னு கோவமா கேட்டேன்.

அவனுக்குப் புரியல. எனக்கும் புரியல. கடைசியில அவன் என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே ஓடிக் காட்டுனான். "இதான் லாரி. லாரி, லாரி!" மலாய்ல லாரின்னா ஓடுன்னு அர்த்தமாம். ஒருத்தன் ஓடுங்கிறான், நான் நில்லுன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்றோம்! பஜார் மலாய் பேசிப் பேசித்தான் காலந்தள்ளுனேன், இந்த ஒரு சொல்லு எப்படியோ காதுல விழாமப் போயிருச்சு. வேலைத்தளத்துல ஓடுன்னு எவன் சொல்லுவான்? தூக்கு, போடு, சீக்கிரம். ஓடச் சொல்லி யாரும் சொன்னதில்ல.

விஷயம் தெரிஞ்சு கம்பமே சிரிச்சுச்சு. அன்னையிலேருந்து பயலுகளுக்கு நான் "அனே லாரி". பாக்கியம் மட்டும் சிரிக்கல.

"அம்பது தாண்டுன ஆளு பலகை மேல ஏறிக் கத்துக்கிறாரு. எதுக்குன்னு கேளுடி. பாடைக்கு ஒத்திகை பாக்குறாரு."

"நான் செத்தா படுக்கப்போட்டுத்தானே தூக்குவாங்க? நான் நிக்கவுல்ல கத்துக்கிறேன்."

"நிப்பீங்க, நிப்பீங்க. கல்யாணத்தன்னைக்கு மணைப்பலகையில ஒக்காரச் சொன்னதுக்கே சாயப் பாத்தவரு நீங்க."

அதைக் கேட்டு வசந்தா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுச்சு. அதுக்குள்ள அது நல்லா கத்துக்கிட்டு இருந்துச்சு. சாலே அதுக்குன்னு ஒரு பலகை அறுத்துக் குடுத்தான், அவன் பொண்டாட்டி ஜைத்தூன் ஒரு பழைய கால்சட்டையை வெட்டித் தச்சுக் குடுத்தா. நோஞ்சான் புள்ளை, பலகையில நின்னா நாரை மாதிரி நேரா நிக்கும். மலாயும் வந்துருச்சு. பலகை வழுக்குற தூரத்துல எம் மகளுக்கு ஒரு பாஷையே வந்துருச்சு. எங்கிட்ட பேசத்தான் வரல.

5

ஒரு ஞாயித்துக்கெழமை, மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. கடல் நல்லா உள்ள போயி, ஈர மணலு சிமிட்டித் தரை மாதிரி கெடந்துச்சு. சாலே ரேடியோவைத் தட்டிக்கிட்டு உள்ள இருந்தான். கரையில நானும் வசந்தாவுந்தான்.

பலகையை வீசுனேன். ஓடுனேன். பக்கத்துல போனதும் எங்காலு வழக்கம்போல தயங்குச்சு. அந்த நொடியில பின்னாடியிருந்து வந்துச்சு சத்தம்.

"அப்பா, லாரி! அப்பா! லாரி!"

இந்தத் தடவை நான் திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாக்கணும்னு உசிரு துடிக்குது. கூப்பிட்டது யாரு, என்னையா கூப்பிட்டுச்சு, அதோட மொகம் எப்படி இருக்கு, எல்லாம் பாக்கணும். ஆனா லாரின்னா ஓடு. ஓடுனேன், காலை வச்சேன், அடுத்த காலையும் வச்சேன். நின்னுட்டேன். காலுக்கு அடியில தண்ணி சர்ருன்னு கிழியிற சத்தம். காத்து மூஞ்சியில அடிக்குது. ஒரு லாரி நீளம் போயிருப்பேன், அதுக்கு மேல இருக்காது. எவ்வளவு தூரம் போனா என்ன, அந்த நேரத்துல எனக்குப் பேரு இருந்துச்சு.

எறங்கித் திரும்புனா, அது பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. கூப்பிட்டது அதுக்கே தெரியல போல. நானும் காட்டிக்கல. "பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"பாத்தேன்ப்பா"ன்னுச்சு.

அன்னைக்கு வெளக்கு வைக்கிற நேரத்துல பாக்கியம் வழக்கம்போல, "இங்க என்ன இருக்கு?"ன்னா. வசந்தாதான் சொல்லுச்சு.

"கடலு இருக்குல்லம்மா."

அதுக்கப்பறம் அவ எப்பக் கேட்டாலும் அதான் பதிலு. நாளுக்கு நாளு அவ கேக்குற சத்தம் கொறைஞ்சுச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஜைத்தூனோட ஒக்காந்து தேங்கா துருவ ஆரம்பிச்சா. ஒரு நாள் கரையில எறங்கித் தண்ணியில காலை நனைச்சதை நான் பாத்தேன். பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

6

இதோட நிப்பாட்டிருங்க பெரியவரே, நல்லாருக்குங்கிறாரு ரஹீம் தம்பி. கடைக்கார வீட்டுப் புள்ளை, நல்ல சரக்கை மேல வச்சு அடுக்குற பழக்கம். இல்ல தம்பி, எழுதுங்க.

நாடு தனியாப் பிரிஞ்ச பெறகு எல்லாம் வேகமாயிருச்சு. கம்பத்தை இடிக்கிறது, மாடிவீடு கட்டுறது. குவீன்ஸ்டவுன்ல பத்து மாடி, பதினாலு மாடின்னு எழும்புச்சு. மண்ணு லாரிக்கு ஓயாத வேலை. ஒரு நாள் எங்க கங்காணி வந்து, நாளையிலேருந்து ஒரு புது எடம்னாரு. மேட்டை வெட்டி அந்த மண்ணைக் கொண்டுபோயிக் கடல்ல போடணும். எந்தக் கடல்ல? அவரு சொன்ன எடத்தைக் கேட்டு சாலே என்னைப் பாத்தான். நான் சாலேயைப் பாத்தேன்.

"நாம போகலன்னா வேற லாரி போகும், அனே"ன்னான். அவ்வளவுதான் பேசுனோம்.

அன்னைக்கு சாலே பாடல. அவன் வீட்டுப் பின்பக்கம், அவன் புள்ளைக குளிக்கிற கடல், அதுல அவனே லாரியை ரிவர்ஸ் எடுத்தான். நான் பின்னாடி நின்னு தட்டித் தட்டிச் சொன்னேன். வரலாம், வரலாம், வரலாம். செம்மண்ணு. நம்ம ஊரு மண்ணைவிடச் செவப்பு. கதவோட கொக்கியை எடுத்துவிட்டேன். மண்ணு சர்ருன்னு வழுக்கிச்சு. அந்தச் சத்தம் இருக்கே தம்பி, அது அதே சத்தம். பலகைக்கு அடியில தண்ணி கிழிஞ்சுச்சே, அதேதான்.

பள்ளிக்கூட லீவு போல. வசந்தா ஜைத்தூனோட மட்டி பொறுக்க வந்திருக்கு. எனக்குத் தெரியாது. அதுக்குப் பதிமூணு வயசு அப்ப. பலகையைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு ஓரமா நிக்குது. லாரியைப் பாக்குது, மண்ணைப் பாக்குது, கொக்கியைப் புடிச்சிருக்கிற கையைப் பாக்குது. அப்பறம் எம் மொகத்தைப் பாத்துச்சு.

"நீங்களா?"ன்னுச்சு.

பின்னாடி அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். "தள்ளி நில்லும்மா, லாரி"ன்னேன். அந்த வாயால, அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

அது தள்ளி நின்னுச்சு. ஓடல.

தப்புன்னு நான் சொல்லல. சோறு. ரூம்புக்கு வாடகை, அதோட பள்ளிக்கூடம், எல்லாம் அந்த லாரியிலதான் வந்துச்சு. கடலை மூடச் சொன்னது நானில்ல. சொன்னவங்க யாருன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் என்னைத் தெரியாது. ஆனா எம் மகளுக்குத் தெரிஞ்ச மொகம் அந்த லாரியில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, "இந்தாங்க, சோறு ஆறுது"ன்னுச்சு.

7

கொஞ்ச நாள்ல பாக்கியம் மறுபடி கேட்டா, "இங்க என்ன இருக்கு?"ன்னு. அவளும் பதிலை எதிர்பாத்துத்தான் கேட்டா. எனக்கு அது தெரியும். புள்ளை வாளியை எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்குப் போயிருச்சு.

அந்த வருஷமே அது பெரியமனுஷி ஆயிருச்சு. ஊருக்குச் சேதி போச்சு. அங்கேருந்து சேதி வந்துச்சு, தாய்மாமன் சீர் செய்யணும், சடங்கு எங்க வீட்டுலதான், கூட்டிட்டு வாங்கன்னு. மொறைதானே, நான் எப்படி வேணாங்கிறது? இங்கயே வச்சுக்கலாம், மாமன் எடத்துல வேற யாரையாவது நிக்க வச்சுக்கலாம்னு சொல்லிப் பாத்தேன்.

"மாமனை வாடகைக்கு எடுப்பீங்களா?"ன்னு கேட்டா பாக்கியம்.

போயிட்டு ஆறு மாசத்துல வந்துருவோம்னுதான் போனாங்க. தொறமுகத்துல வசந்தா எங்கிட்ட, "போயிட்டு வர்றேன்"னுச்சு. முன்னாடி ஒரு சொல்லு வரணும்ல, வரல. பலகையை ரூம்புலயே விட்டுட்டுப் போயிருச்சு.

ஆறு மாசம்னது தள்ளிப்போச்சு. மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல, அறுப்பு முடியட்டும்னாங்க. என் அடையாளக் கார்டு ஒரு கலரு, நான் இந்த நாட்டுக் குடிமகன். அவங்க இங்க தங்குறதுக்கு வாங்குன பாஸு வேற, அதுக்குத் தேதி உண்டு. தேதி முடியப் போவுதுன்னு ஆபீஸுக்குப் போனேன். வரிசையில நின்னு கிட்ட போனா, அங்க எழுத்து வேலை பாக்குற கிராணி நம்ம தமிழ்ப் பையன். மனசு குளுந்துச்சு. அவன் இங்கிலீஸ்ல பேசுனான். அப்பறம் எம் மொகத்தைப் பாத்துட்டு எறங்கி வந்தான்.

"அங்கிள், ரினியூ பண்ணணும்னா அவங்க நேர்ல வரணும் லா."

"நேர்ல வரத்தானே தம்பி பாஸைக் கேக்குறேன்?"

"பாஸ் இருந்தாத்தான் உள்ள வர முடியும் அங்கிள்."

"அதான். பாஸைக் குடுங்க, வந்துருவாங்க."

"அதுக்கு அவங்க நேர்ல வரணும் அங்கிள்."

கெட்ட பையன் இல்ல. அவனும் மூணு நாலு தடவை பொறுமையாத்தான் சொன்னான். சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நின்னோம். "நெக்ஸ்ட்"ன்னான். அது எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸு.

நீங்க போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. சாலேயே கேட்டான். போயி? மச்சான் வீட்டு வாசல்ல நின்னு எம் மகளை வெளியில கூப்பிட்டா, அது உள்ள திரும்பி, "அப்பா, யாரோ வந்திருக்காங்க"ன்னு சொன்னா? அதைக் கேக்க ஒரு கப்பல் பயணமா? அதுக்கு இந்த முக்காலியே போதும்.

சாலேயை வடகோடியில மார்சிலிங் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க. கம்பம் இல்ல. அவன் எப்பவாவது வருவான். கோப்பிக்கடையில ஒக்காருவோம். கடலைப் பத்திப் பேச மாட்டோம்.

8

இப்ப நான் எதுக்கு உங்களைக் கூப்பிட்டேன்னு சொல்றேன், ரஹீம் தம்பி.

போன தை மாசம் வசந்தாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மச்சானோட மூத்த பயலைத்தான் கட்டிக்கிட்டா. மொறைப் பையன். என்னைக் கேட்டாங்க, நான் சரின்னு சொல்லி விட்டேன். சொல்லாம? ஆனா அது முடிஞ்ச பெறகு ஒக்காந்து யோசிச்சேன். முக்காலியில ஒக்காந்தவனுக்கு யோசனைதானே வேலை. அந்தப் புள்ளை இத்தனை வருஷமா அப்பான்னு கூப்பிட்ட மனுஷன் இப்ப மாமனாரு. மாமனாரை எந்த ஊர்ல அப்பான்னு கூப்பிடுறாங்க? மாமான்னுல்ல கூப்பிட்டாகணும். மொதல்லயே அப்படித்தான் கூப்பிட்டிருக்கணும். அப்ப திருத்தாததை இப்பத் தாலி திருத்திருச்சு.

அப்ப அந்தச் சொல்லு இப்ப ஊர்ல சும்மாதானே கெடக்கு? யாருக்கும் வேண்டாம அந்த வீட்டு மூலையில கெடக்கு, எங்கிட்ட இந்தப் பலகை கெடக்குற மாதிரி.

ஆமா, பலகை எங்கிட்டதான் இருக்கு. எதுக்குன்னு கேக்காதீங்க. வழுக்க எடமில்ல. போன மாசம் ஒரு நாள் போயிப் பாத்தேன். கடல் எங்கேயோ தள்ளிப் போயிருச்சு. நான் நின்ன எடத்துல செம்மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அதுல பாதி நான் கொட்டுனது. என் கையால கொட்டுனதுக்கு அடியில, என் காலு நின்ன எடம்.

இதைப் பத்திரிகையில போட்டாலும் போடலன்னாலும் சரி. நீங்க எறங்குனதும் மன்னார்குடி பக்கம் போங்க. சுப்பையா வீடுன்னா காட்டுவாங்க. படிக்கிறவங்க யாராவது அந்தப் பக்கம் இருந்தா நீங்களும் போகலாம், இவரு ஒருத்தர்தான் போகணும்னு இல்ல. வசந்தாவைக் கேளுங்க. என் ஒடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். நான் வரச் சொன்னேன்னும் சொல்ல வேணாம், அதுக்கு அந்தக் கிராணி விட மாட்டான். மன்னிப்பும் கேக்க வேணாம், நான் கேக்கல.

வாசல்ல நின்னு ஒரே ஒரு சொல்லு சொல்லுங்க. லாரி. சிங்கப்பூர்லேருந்து லாரின்னு சொல்லச் சொன்னாருன்னு சொல்லுங்க. யாரு சொல்லச் சொன்னதுன்னு கேட்டா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தச் சொல்லை அவளே சொல்றாளான்னு மட்டும் பாருங்க.

எந்த லாரின்னு அவ எடுத்துக்கட்டும்.